எந்தக் கறுப்பு?

திரையைக் கறுப்பாக்கினால் பேட்டரி மிஞ்சும் என்று மாணவருக்குச் சுற்றறிக்கை விடுவோர், எந்தத் திரை என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அங்கே கறுப்பு என்பது அணைந்த புள்ளி. எல்சிடியிலோ பின்விளக்கு ஓயாமல் எரிய, படிகம் அவ்வொளியை மறைப்பதே கறுப்பு. ஒரே சொல்லுக்கு இரு பொருண்மைகள் இருப்பது மொழியியலாருக்குச் சுவை. மலிவான எல்சிடி கைப்பேசி வைத்திருக்கும் மாணவிக்கோ மிச்சம் ஏறக்குறைய ஏதுமில்லை.

ஓஎல்இடிக்காரரும் மகிழ அவசரப்பட வேண்டாம். 2021இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டு செயலிகள் சிலவற்றை வைத்து அளந்தனர். முழு வெளிச்சத்தில் சராசரிச் சேமிப்பு 39 முதல் 47 விழுக்காடு. 30 முதல் 50 விழுக்காட்டு வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9. அறைக்குள் அமர்ந்து படிப்போர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். ஆக, குறைக்க வேண்டியது முதலில் வெளிச்சம்; நிறம் பிறகு.

மேலும், நாம் நாளெல்லாம் படிப்பவை ஸ்கேன் செய்த நூல்கள். டார்க் மோடில் பெரும்பாலும் செயலியின் விளிம்புகளே கறுக்கின்றன. பக்கம் வெள்ளையாகவே எரிகிறது. இவ்வளவு அக்கறையுள்ள நிர்வாகம், வாசிப்பறை மேசைகளில் சார்ஜர் செருக ஓரிடமேனும் ஏன் அமைக்கவில்லை?