நிறம் மாறும் நிலங்கள்

நகரத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு நிறம் உண்டு. குடியிருப்புக்கு மஞ்சள், வேளாண்மைக்குப் பச்சை, தொழிலுக்கு ஊதா எனப் பிரித்துக் காட்டுவதே முழுமைத் திட்டம். தம் நிலத்தின் நிறத்தை மாற்றித் தருமாறு உரிமையாளர் ஒருவர் விண்ணப்பிக்கிறார். அலுவலகத்தில் ஒரு கோப்பு பிறக்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில், சர்வே எண்களோடு, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கலாம் என்கிறது அது. அவ்வாறே ஆட்சேபிக்கும் குடியிருப்போரைப் பார்த்து, "வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள்" என்கின்றனர். "உங்களுக்கு வீடு அமைந்துவிட்டது, இனி வருகிறவனுக்குக் கதவைச் சாத்துகிறீர்கள்" என்றும் சொல்கின்றனர்.

இக்குற்றச்சாட்டை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதில் ஒரு பாதி பொய், மறுபாதி உண்மை. இரண்டையும் பிரித்தறியாமல் மனுவில் கையெழுத்திடுவது நமக்கு அழகன்று.

முதலில் பொய்யான பாதியை எடுத்துக்கொள்வோம். கோவைக்கு 1994-இல் ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டமே முப்பது ஆண்டுக்காலம் வழிகாட்டியாக இருந்தது. அப்போது மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர். 2011-இல் அது 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி, நகரமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் சேர்ந்த மக்கள்தொகை 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2041-ஐ இலக்காகக் கொண்ட புதிய திட்டத்தின் வரைவு 2024-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்நகரம் திட்டத்தால் வளர்ந்ததைவிட, விலக்குகளால் வளர்ந்ததே அதிகம். இங்கே ஒரு தோட்டம், அங்கே ஒரு மானாவாரிக் காடு என ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக நிறம் மாறியது. ஒவ்வொரு கோப்பும் சிறியது. எல்லாம் சேர்ந்தபோதோ ஒரு நகரமே உருமாறிப் போயிற்று. அம்மாற்றம் வேண்டுமா என்று யாரும் யாரையும் முழுமையாகக் கேட்கவில்லை.

நிறம் மாறிய அன்றே, ஒரு செங்கல் வைக்கும் முன்பே, அந்நிலத்தின் விலை ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியவர் யார்? சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் குடிநீர் கொண்டுவந்தது பொதுப்பணம். சாலையும் சாக்கடையும் மின்கம்பமும் பொதுப்பணம். ஆதாயம் ஒருவருக்கு, அதன் சுமையோ தெருவுக்கு. தனி வீடுகள் நாற்பது இருந்த இடத்தில் நானூறு குடும்பங்கள் வரும்போது, குழாயின் அகலம் கூடுகிறதா? ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடிக்கு இறங்கும்போது பக்கத்துத் தோட்டக்காரரின் திறந்த கிணறு என்னாகும்? இவற்றைக் கேட்பவர் வளர்ச்சியின் பகைவர் என்றால், வரவு செலவு கேட்கும் பங்காளி எல்லாரும் குடும்பத்தின் பகைவரே.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. ஆகவேதான் நம் முன்னோர் நொய்யலின் வெள்ளத்தை அணைக்கட்டுகளால் தடுத்து, வாய்க்கால் வெட்டி, குளத்திலிருந்து குளத்திற்கு நீரை நடத்திச் சென்றனர். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் எனும் பெயர்கள் இன்றும் நம் நாவில் இருக்கின்றன. ஒருபுறம், அறுபதாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவினாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் சேர்க்க ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவு. மறுபுறம், குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையின் மீதும் பள்ளத்தின் மீதும் மனை பிரித்துக் கல் நடுகிறோம். நூறு கல் தொலைவிலிருந்து நீரை வரவழைத்துக்கொண்டு, வாசலில் வரும் நீரை விரட்டும் விந்தையை வேறெங்கே காண்போம்!

நிலம் மறப்பதில்லை. கோவையின் அம்மன்குளத்தில் ஏழைகளுக்கென அரசு கட்டிய அடுக்குமாடிகளுள் ஒன்று 2010-இல், மக்கள் குடியேறும் முன்பே, மண்ணில் அமிழ்ந்து சாய்ந்தது. அவ்விடத்தின் பெயரிலேயே குளம் இருந்தது. கோப்பில் அது வெறும் சர்வே எண்ணாக இருந்தது.

ஆட்சேபணை என்பது அரசு போடும் பிச்சையன்று. சட்டம் தந்த உரிமை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டத்தை அறிவிக்கும்போது மக்கள் கருத்துரைக்க இரண்டு மாதத்திற்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அப்பகுதிவாசிகள் நீதிமன்றம் சென்றனர். மருத்துவமனையும் நற்பணிதானே என்ற வாதத்தை 1991-இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. திறந்தவெளி ஊருக்கு மூச்சு. அதைக் காக்கக் கேட்கும் உரிமை அங்கு வாழ்வோர்க்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2023 ஜனவரியில் சண்டிகர் வழக்கிலும், பழைய பகுதியின் தனி வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து அடுக்ககம் ஆக்குவதை அதே நீதிமன்றம் தடுத்தது. நகர வளர்ச்சிக்கு அனுமதி தருமுன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயச் சட்டம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. நம் ஊர் லே-அவுட்டுகளில் 'ரிசர்வ் சைட்' எனக் கிடக்கும் பூங்கா இடங்களைக் காக்க முனைவோர் இவ்விரு தீர்ப்புகளையும் அறிந்திருத்தல் நலம்.

இனி, உண்மையான பாதிக்கு வருவோம். ஆட்சேபணை மனுக்கள் எல்லாமே நீருக்காகவும் மரத்துக்காகவும் எழுதப்படுவனவல்ல. "இப்பகுதியின் தரம் குறைந்துவிடும்" என்று சில மனுக்கள் சொல்கின்றன. தரம் என்றால் என்ன? வாடகைக்கு வருவோரை முதலில் சாதி கேட்டு, பின் சமையல் கேட்டு, அதன்பின் வாடகை பேசும் வழக்கம் நம் தெருக்களில் மறைந்துவிட்டதா? வடமாநிலத்து இளைஞர் நம் பட்டறையில் உழைக்கலாம்; நம் தெருவில் உறங்கலாகாது. வீட்டுவேலைக்கு வரும் அம்மாள் காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். அவர் குடும்பமோ ஊருக்கு வெளியே பல கல் தொலைவிலுள்ள வாரியக் குடியிருப்பில் இருக்க வேண்டும். இத்தகைய மனுவுக்கு நிலத்தடி நீர் என்று தலைப்பிடுவது, நீருக்கே செய்யும் அவமதிப்பு.

இவ்வச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மேட்டுப்பாளையம் நடூர் காட்டியது. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன், பெருமழையில், ஒரு வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் அருகிலிருந்த ஆதிதிராவிடர் வீடுகளின் மீது சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அச்சுவரைப் பற்றி முன்பே அஞ்சி முறையிட்டதாக அம்மக்கள் கூறினர். எந்த முழுமைத் திட்டத்திலும் இல்லாத கோடு அது. அத்தகைய கோட்டை மனுவின் வாசகத்தில் எழுதுவோரோடு சேர்ந்து நாம் கையெழுத்திட முடியாது.

வீடு வேண்டும், அதில் ஐயமில்லை. நாம் குடியிருக்கும் இடமும் ஒரு காலத்தில் சோளக்காடுதான். பிளேக் நோய் வாட்டிய பின், நெருக்கம் மிகுந்த பழைய ஊருக்கு வெளியே ரத்தினசபாபதிபுரம் எழுந்தது. ஊர் விரிந்ததால் உயிர் பிழைத்தது. ஆகவே, கட்டலாமா கூடாதா என்பதைவிட, எங்கே, யாருக்காக, யாரைக் கேட்டு என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். சாலையும் குழாயும் பேருந்தும் ஏற்கெனவே உள்ள நகரின் நடுவிலேயே, இயக்கம் நின்றுபோன பஞ்சாலைகளின் பரந்த இடங்களைக் கண்டிருக்கிறோம். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகளும் 2020 மார்ச்சுப் பொதுமுடக்கத்தோடு நின்றன. ஆலை மீண்டும் ஓட வேண்டும் என்னும் தொழிலாளரின் கோரிக்கையே அந்நிலங்களில் முதலுரிமை உடையது. ஆயினும், பழைய ஆலை நிலம் ஒன்று எந்நாளேனும் நிறம் மாறுமாயின், வணிக வளாகத்துக்கு முன் உழைப்போரின் வீடு அங்கே எழட்டும். குளத்தின் வயிற்றிலும் வாழைத் தோட்டத்திலும் கைவைக்கும் அவசரம் ஏன்?

நாம் கேட்பவை நான்கு. நிறம் மாற்றக் கோரும் அறிவிப்பு, நல்ல தமிழில், அந்நிலத்தின் வாசலிலேயே பெரிய பலகையில் நிற்கட்டும். விசாரணை அலுவலக அறையில் முடிந்துவிடாமல், அவ்வூரிலேயே மாலை நேரத்தில் நடக்கட்டும். எத்தனை குடும்பங்களுக்கு எங்கிருந்து நீர், கழிவு எங்கே போகும் என்ற கணக்கு அனுமதிக்கு முன்னரே வெளியாகட்டும். கட்டப்படும் வீடுகளுள் ஒரு பங்கு, அந்நகரைத் துப்புரவு செய்வோரும் கட்டடம் கட்டுவோரும் வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ கூடிய விலையில் அமையட்டும்.

முதல் மூன்றையும் கேட்டு நான்காவதை விட்டுவிடும் மனு தன்னலத்தின் மனு. நான்காவதை மட்டும் பேசி முதல் மூன்றையும் மறைக்கும் திட்டம் வணிகத்தின் திட்டம். நான்கையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் நம் ஆட்சேபணைக்கு அறத்தின் வலிமை வரும். அடுத்த அறிவிப்பு ஏதேனுமொரு நாளிதழின் உள்பக்கத்தில் வரும். அன்று நாம் எதைக் காக்க எழுதுகிறோம் என்பதைத் தெளிந்து எழுதுவோம்.