அதிர்வலைச் சிகிச்சை யாருக்கு ஏற்றது?

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலிக்கிறதா, சகோதரியே? தேங்காய் திருவும்போதும் துணி பிழியும்போதும் முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்கிறதா? உள்ளங்கால் நாரும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் ஓயாத வேலையால் நலிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இதற்கு ‘ஷொக் வேவ்’ எனும் அதிர்வலைச் சிகிச்சை இருப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது மின்சார அதிர்ச்சி அல்ல. ஒலியைப் போன்ற அழுத்த அலை. 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடலை வெட்டாமல் சிறுநீரகக் கல்லை உடைக்க முதலில் பயன்பட்டது இதுவே. 2000இல் அமெரிக்க அரசு குதிகால் வலிக்கும் இதனை அனுமதித்தது.

ஆனால் வலி வந்ததும் நாட வேண்டிய சிகிச்சை இதுவன்று. எழுமுன் கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நில்லாது மெத்தென்ற செருப்பு அணியுங்கள். வைத்தியர் சொல்லும் பயிற்சிகளைத் தவறாது செய்யுங்கள். பலருக்கு இவையே போதும். மூன்று மாதத்துக்கு மேலாகியும் குதிகால், குதிநாண், முழங்கை வலியோ, சுண்ணாம்பு படிந்த தோள் வலியோ தீராதவர்களுக்கே அதிர்வலை ஏற்றது. வழக்கமாக வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து தடவை செய்வார்கள். செய்யும்போது சற்று வலிக்கும். முழுப்பலன் தெரிய மூன்று மாதம்வரை செல்லலாம். எல்லோருக்கும் பலிக்கும் என்றும் இல்லை.

கர்ப்பிணிகள், இரத்தம் உறையாத நோயுள்ளவர்கள், வளரும் பிள்ளைகள், வலிக்கும் இடத்தில் கிருமித்தொற்றோ புற்றுநோயோ உள்ளவர்கள், தசைநாண் முற்றாக அறுந்தவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், அண்மையில் அவ்விடத்தில் ஸ்டெரொயிட் ஊசி போட்டிருந்தால், நீரிழிவினால் பாதம் மரத்திருந்தால் வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

வார்பரின் போன்ற இரத்தம் உறையாதிருக்கும் மருந்து எடுப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அதிர்வலை பட்ட இடத்தில் இரத்தம் கசியக்கூடும். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்; குதிகால் வலியைவிட அது பேராபத்து.

நுகேகொடையிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை தூரமில்லை. அங்குள்ள வாதநோய்ப் பிரிவில் இலவசமாகவே ஆலோசனை பெறலாம். காசைக் கட்டுமுன், “இது எனக்கு ஏற்றதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சகோதரியே.