மூன்று கேள்வி, ஒரே பதில்

உங்கள் குடியுரிமை என்ன? தாய்மொழி எது? நீங்கள் எந்த இனம்?

பாரத்தில் இப்படி மூன்று கேள்விகள் இருந்தால் நாம் என்ன செய்வோம்? பேனாவை எடுத்து மடமடவென்று நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால், 1941ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு சின்னஞ்சிறு நாட்டு மக்கள் இதே கேள்விகளுக்கு உயிரைப் பணயம் வைத்துப் பதில் எழுதினார்கள். அந்த நாடு லக்சம்பர்க்.

பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது லக்சம்பர்க். பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர். நம் சிலாங்கூரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! கடற்கரை கிடையாது. வடக்கே ஆர்டென் மலைக்காடுகள், கிழக்கே மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்கள், தெற்கே இரும்புத் தாது நிறைந்த செம்மண் பூமி. ஏழை விவசாய நாடாக இருந்ததை உருக்குத் தொழில் நாடாக மாற்றியது அந்தச் செம்மண்தான். பிறகு வங்கிகள் வந்தன, வசதியும் வந்தது. 2020 முதல் அங்கே பேருந்திலும் ரயிலிலும் டிக்கெட் இல்லாமலே போகலாம்.

அவர்கள் வீட்டில் பேசுவது லக்சம்பர்கிஷ். ஜெர்மன் மொழிக்கு நெருங்கிய உறவு. ஆனால், சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சு மொழியில். பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் எழுதப் படிக்கக் கற்பது ஜெர்மன் மொழியில். வணக்கம் சொல்ல, சொந்தச் சொல்லான 'மோயென்'. நன்றி சொல்ல, பிரெஞ்சிலிருந்து வந்த 'மெர்சி'.

1940 மே 10ஆம் தேதி நாஜிப் படை உள்ளே நுழைந்தது. நாட்டை ஆள வந்த குஸ்தாவ் சீமோன் பிரெஞ்சு மொழிக்குத் தடை போட்டார். 'மெர்சி' என்று சொல்வதுகூடக் குற்றம். தெருப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் ஜெர்மனுக்கு மாற்றப்பட்டன. நீங்கள் ஜெர்மானியர்கள்தான், நீங்கள் பேசுவது தனி மொழியே அல்ல என்பதுதான் அவர்களின் வாதம்.

அதை மக்கள் வாயாலேயே சொல்ல வைக்க, 1941 அக்டோபர் 10ஆம் தேதிக்கு ஒரு கணக்கெடுப்பை ஏற்பாடு செய்தார்கள். லக்சம்பர்கிஷ் வெறும் வட்டார வழக்கு, அதைத் தாய்மொழியாகக் குறிப்பிடக் கூடாது என்ற விளக்கமும் பாரத்திலேயே இருந்தது. ரகசியமாக இயங்கிய எதிர்ப்புக் குழுக்கள் துண்டுப் பிரசுரங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. செய்தி ஒன்றுதான்: மூன்று கேள்விக்கும் லக்சம்பர்க் என்றே எழுதுங்கள்.

மக்கள் அப்படியே எழுதினார்கள். சில பாரங்களை முன்கூட்டியே புரட்டிப் பார்த்த அதிகாரிகள் அதிர்ந்துபோனார்கள். கணக்கெடுப்பே நிறுத்தப்பட்டது.

கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. 1942 ஆகஸ்டில், இளைஞர்களைக் கட்டாயமாக ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கும் உத்தரவு வந்தது. நாடு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதற்காக 21 பேருக்கு மரண தண்டனை.

போர் முடிந்த பிறகு அவர்கள் மற்ற மொழிகளை விரட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1984இல் லக்சம்பர்கிஷ் சட்டப்படி தேசிய மொழியானது. கூடவே பிரெஞ்சும் ஜெர்மனும் நிர்வாகத்தில் தொடர்ந்தன. இன்று நாடாளுமன்ற விவாதமும் வானொலிச் செய்தியும் லக்சம்பர்கிஷ் மொழியில் ஒலிக்கின்றன. குடியுரிமை கேட்டு வருபவர்கள் அந்த மொழியில் பேசிக் காட்ட வேண்டும்.

கவலையும் இல்லாமல் இல்லை. ஏறக்குறைய 6 லட்சத்து 80 ஆயிரம் பேர் வாழும் நாட்டில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டவர். எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிறவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். கடையில் காப்பி கேட்கவே பல இடங்களில் பிரெஞ்சு வேண்டும். ஆனால், நீண்ட காலம் பெரும்பாலும் பேச்சில் மட்டுமே வாழ்ந்த மொழியை, இளையவர்கள் இப்போது கைப்பேசியில் தட்டித் தட்டி எழுத்து மொழியாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலைக்கு ஒரு மொழி, படிப்புக்கு ஒரு மொழி இருக்கலாம். ஆனால், உன் மொழி எது என்று கேட்டபோது அவர்கள் தயங்கவில்லை. அடுத்த முறை ஒரு பாரத்தில் 'தாய்மொழி' என்ற கட்டத்தைப் பார்த்தால், நிரப்புவதற்கு முன் ஒரு நொடி லக்சம்பர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம். மோயென்!