பாட்டனார் துப்பாக்கிக்குப் பளபளப்பு வேண்டாம்

பிதிரார்ஜிதமாக வந்த நிலத்தை உழலாம், வீட்டில் குடியிருக்கலாம், நகையைப் பூணலாம்; ஆனால் பாட்டனார் காட்டுக்குத் தோளில் சுமந்து சென்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்று பேரன் கைக்கு வந்து சேருமானால், அதை வைத்து அவன் செய்யக்கூடிய காரியம் இன்னதென்று எளிதில் சொல்லிவிட முடியாது. மலைத் தோட்டக்காரர் இல்லங்களிலும் பழைய ஜமீன் குடும்பங்களிலும், பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ செய்யப்பட்ட இத்தகைய துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. நிறம் வெளுத்த குழலையும், கீறலும் கறையும் ஏறிய அக்ரோட்டு மரக் கட்டையையும் பார்த்தவுடன், நல்ல வேலைக்காரரிடம் கொடுத்துப் புத்தம்புதிதாக்கிவிட்டால் என்ன என்ற ஆசை வாரிசுக்கு உண்டாவது சகஜம். அந்த ஆசை முன்னோரிடம் கொண்ட பக்தியிலிருந்தே பிறக்கிறதென்றாலும், அதற்கு இணங்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒரு கருவியைப் புதுப்பிப்பதற்கு நியாயம் அதன் உபயோகமே. வேட்டைத் துப்பாக்கியின் உபயோகமோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், அதற்கு 1991இல் வந்த திருத்தத்தாலும் நம் தேசத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. இனி அது செய்யக்கூடிய தொண்டு சாட்சி சொல்வது ஒன்றுதான். குறி பார்த்தவரின் கன்னம் பதிந்து பதிந்து கறுத்த இடம், தோல்வார் உராய்ந்து உண்டாக்கிய தடம், கட்டையின் கழுத்தில் விரிசல் கண்டபோது உள்ளூர்க் கொல்லர் வளைத்து அடித்த பித்தளைத் தகடு ஆகிய இவையெல்லாம் அச்சாட்சியின் வாக்குமூலங்கள். திருப்பணி என்ற பெயரால் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கோயிற் சுவர்களைச் சுத்தம் செய்தபோது, எண்ணெய்ப் பிசுக்கோடு கல்வெட்டெழுத்தும் தேய்ந்துபோன அநியாயத்தைக் கண்டு வருந்திய நாம், அதையே வீட்டுக்குள் செய்யலாமா?

செய்தால் விளைவது என்ன என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுழலும் மெருகுச் சக்கரத்தில் குழலைப் பிடித்தால் துரு மட்டுமா போகிறது? கூர்மையாயிருந்த விளிம்புகள் மழுங்குகின்றன; செதுக்கு வேலை மங்குகிறது; செய்தவர் பெயரும், குழலைச் சோதித்தபின் குத்திய முத்திரையும், வரிசை எண்ணும் தேய்கின்றன. துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்திருப்பதால், மெருகின் மோகம் வம்பிலும் கொண்டுபோய் விடலாம். மெல்லத் துருவேறச் செய்து, கொதிநீரிலிட்டு, மீண்டும் மீண்டும் துலக்கி, நாட்கணக்கில் கருநிறம் ஏற்றிய பழைய கைவேலையை விட்டு, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கொதிக்கும் தொட்டியில் இரட்டைக் குழல் துப்பாக்கியை முக்கியெடுத்தால், இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்றை அந்தக் காரம் அரித்துவிடும்.

பழையதை அப்படியே விட்டுவைத்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் சம்பாவத் என்ற ஊரில் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராயிருந்த ஸர் ஜான் ஹெவெட், வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். அந்தச் செய்தி பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. பல கை மாறிய அத்துப்பாக்கி, 2015இல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியிடமே திரும்பி வந்தது. அதைப் புதிதாக்கும் வித்தை அறிந்தவர்கள் அவர்களைவிட யார் இருக்க முடியும்? ஆயினும் கார்பெட்டின் நினைவாக வேறொரு துப்பாக்கியைப் புதிதாகச் செய்தார்களேயன்றி, பழையதைப் புதியதாக்க முற்படவில்லை. புதுமை வேண்டுமாயின் புதியதைச் செய்துகொள். பழமையின் மேல் கை வைக்காதே என்பதே இதில் நாம் கொள்ளத்தக்க நீதி.

பாட்டனாரே வருஷந்தோறும் எண்ணெயிட்டுப் பழுது பார்த்துத்தானே வைத்திருந்தார் என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி; பேணுதல் என்பது துருவுக்கு இரையாக விட்டுவிடுவதன்று. லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டி, உள்ளே தோட்டா எதுவுமில்லை என்று முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பழைய தோட்டாக்களின் மருந்து விட்டுச்சென்ற உப்பு குழலுக்குள் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாத அது வெந்நீரில் கரையும். செந்துருவை எண்ணெய் ஊறவிட்டு மெதுவாக எடுக்கலாம். உப்புத்தாளை மாத்திரம் தொடலாகாது. பாட்டனாருடையதென்று பாசத்தோடு தோலுறையிலேயே வைத்திருப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைக் கெடுக்கும். கட்டையில் விரிசல் வளராமல் தடுக்கலாம். வார்னிஷ் பூசி மறைக்கக் கூடாது. பின்னால் மாற்ற முடியாத எதையும் இன்று செய்யாதிருப்பதே இதற்கெல்லாம் பொது விதி.

சட்டத்தின் கடமைகள் தனி. துப்பாக்கி வீட்டிலிருந்தால் மட்டும் போதாது, வாரிசின் பெயரில் லைசென்ஸும் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பரம்பரையாக வந்தவை உட்பட ஒருவர் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது.

மெருகுக்குச் செலவிட எண்ணிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு வேறொரு காரியத்தைச் செய்யலாம். வாங்கிய ரசீது, பழைய லைசென்ஸ் புத்தகம், காட்டில் எடுத்த புகைப்படம் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, வீட்டு முதியவர்கள் சொல்வதையும் எழுதி வைக்கலாம். கொன்ற பிராணிகளின் கணக்கும் அதில் இருக்கட்டும். இன்று அது நமக்குப் பெருமையாகத் தோன்றாவிட்டாலும், துப்பாக்கியின் சரித்திரத்தில் அதுவே பெரும்பகுதி. பாட்டனாரை மெச்சுவதோ கடிந்துகொள்வதோ பின்வரும் சந்ததியாரின் இஷ்டம். அதற்கு வேண்டிய ஆதாரத்தை அழிக்காமல் அவர்களிடம் ஒப்படைப்பது நம் கடமை.