ஸ்டார்ட் ஆகாத டிவிஎஸ் ஃபிப்டியும் ஒரு பொம்மை லாரியும்

காலை நேரத்தில் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி இருக்கிற ஏதாவது ஒரு ரோட்டில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, டிபன் பாக்ஸோடு நடந்து வரும் பெண்கள் கூட்டம், நடுவே நீலப் புகை விட்டுக்கொண்டு ஒரு பழைய மொபெட். அதே நேரத்தில் ஏதோ ஒரு சந்தில் இன்னொரு மொபெட் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். சொந்தக்காரர் வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருப்பார். ஷிஃப்ட் தவறினால் அரை நாள் கூலி போச்சு!

கடைசியில் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் பல இடங்களில் ஒரே பதில்தான். "பிஸ்டன் போச்சுண்ணே, போர் போடணும்." இதை அப்படியே நம்பிப் பணம் கொடுப்பதுதான் பெரிய தப்பு. நேற்று வரை ஓடிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இன்று காலை திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு, இல்லாவிட்டால் பிளக் கோளாறு. பிஸ்டனும் ரிங்கும் ஒரே ராத்திரியில் தேய்ந்து போவதில்லை. அது தேயும்போது மாதக்கணக்கில் இழுவை குறைந்து, ஏற்றத்தில் திணறி, சொல்லிவிட்டுத்தான் தேயும்.

கொஞ்சம் வேறு பக்கம் போய்விட்டு வருவோம். வெளிநாடுகளில் பெரியவர்களே விளையாடுகிற ஒரு பொம்மை உண்டு. ரிமோட்டில் ஓடும் நைட்ரோ டிரக். உள்ளே இருப்பது கைக்குள் அடங்கும் நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோல் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் கலந்த எரிபொருள். ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. குளோ பிளக் என்று ஒன்று, அதற்குள் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பி. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரியால் சூடாக்குவார்கள். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். இன்ஜினின் சூடும், மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் பட்டு நடக்கும் வினையும் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும்.

அந்த பொம்மைக்காரர்கள் படும் பாட்டைக் கேட்டால் நம்ம ஊர் டிவிஎஸ் ஃபிப்டிக்காரருக்குச் சிரிப்பு வரும் :) அதே வியாதிகள்தான். எரிபொருள் வரவில்லை, அல்லது அளவுக்கு மீறி வந்து நிரம்பிவிட்டது, அல்லது பழைய எரிபொருள் ஈரத்தை இழுத்துக் கெட்டுவிட்டது. நிரம்பியது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் கயிற்றை இழுத்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அதனால் அவர்கள் முதலில் பிளக்கைக் கழற்றுவார்கள். வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி இழுப்பார்கள்.

மொபெட்டுக்கும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை. டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா, டியூபில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் அழுக்கு அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி ஸ்டார்ட் ஆனால் செலவு பூஜ்யம்! அதற்கும் அசையவில்லை என்றால் கார்புரேட்டர் ஜெட்டில் தூசி இருக்கும்.

பிளக் நனைந்திருந்தால் கதை வேறு. பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. அல்லது சோக்கை அளவுக்கு மீறி இழுத்து நிரம்பிவிட்டது. டேப்பை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி, பிளக் இல்லாமலே சில முறை மிதித்து, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும். கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் அதிகம். "ரெண்டு சொட்டு கூடப் போனா இன்ஜினுக்கு நல்லது" என்று ஊற்றும் தாராள மனசுதான் காரணம். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 20 மில்லிதான். மிதிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாமல் பெடல் தொளதொளவென்று போனால் மட்டும் பிஸ்டன் பேச்சை எடுக்கலாம்.

இவ்வளவும் பழைய பாடம். புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எத்தனால்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு முதலில் 2030 என்று இருந்தது. 2021-ல் அதை 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2025-ல் எட்டியும் விட்டார்கள். அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்குக் காசு என்ற வாதங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் டேங்கில் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேப் எடுப்பது அடியிலிருந்துதான். டூ ஸ்ட்ரோக் ஆயில் அந்த அடிக் கலவையில் கரையாமல் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். ஸ்டார்ட் ஆகாவிட்டால்கூடப் பரவாயில்லை, ஸ்டார்ட் ஆகி ஆயில் இல்லாமல் ஓடினால்தான் ஆபத்து.

இன்னொன்று. எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் அதிகம் வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் வைத்து அதைச் சரிசெய்துகொள்ளும். பொம்மை டிரக்கில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு நீடில் இருக்கிறது, விரலால் திருகினால் போதும். பழைய மொபெட்டின் மெயின் ஜெட்டோ ஒரே அளவு. ஒரு பொம்மைக்கு இருக்கும் வசதி கூலித் தொழிலாளியின் வண்டிக்கு இல்லை!

டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது 2015-ல். இன்ஜெக்‌ஷன் வந்தது 2020-ன் பிஎஸ்6 விதிகளோடு. இ20-க்குத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023-லிருந்துதான். அதற்கு முன்னால் விற்றதெல்லாம் இன்னும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. குறைவு என்பது யார் பையிலிருந்து பார்ப்பது என்பதைப் பொறுத்தது.

எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் நியாயமில்லை. மூடி ஓட்டை அடைத்ததற்கு எத்தனால் என்ன செய்யும்? ஆனால் பழைய வண்டிக்காரருக்குக் குறைந்த எத்தனால் பெட்ரோல் ஒரு பம்பிலாவது கிடைக்க வேண்டும். எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதன் விலைக்கு டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டுவதற்குப் பதில் ஷேர் ஆட்டோவிலேயே போய்விடலாம்.

அதுவரை வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பையில் ஒரு பிளக் ஸ்பானர், ஒரு பழைய துணி, ஒரு புது பிளக்.