விஸ்கி வடிசாலையும் நம்ம ரிவர்ஸ்டன் ஏலக்காய் வாடியும்



வரலாற்றுப் பாடத்தில் விஸ்கி வடிக்கும் இடத்தின் படங்களை முஸ்லிம் பிள்ளைகளுக்குக் காட்டினோமாம். இந்த வாரம் முழுக்க வட்ஸ்அப் குழுக்களில் அதுதான் பேச்சு. பாடம் எடுத்தவர்கள் நாங்கள்தான். பதிலையும் ஒளித்து மறைத்துச் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறோம்.

குடி ஹராம். அதில் எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. நாங்கள் காட்டிய இடம் ஸ்கொட்லாந்தில் ஃபொரஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டலஸ் டூ. 1899இல் வேலை தொடங்கி 1983இல் மூடப்பட்ட வடிசாலை. மூடிய பிறகு அதை இடித்து இரும்பு விலைக்கு விற்காமல், 1988இல் அரசின் மரபுரிமை நிறுவனம் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டது. பார்லியைக் காயவைத்த சூளை, ஊறப்போட்ட தொட்டி, செம்புக் கொதிகலன் என்று எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, வந்தவர்கள் வேலை நடந்த வரிசையில் நடந்து பார்த்தார்கள்.

இதில் பிள்ளை படிப்பது குடியையா? தானியம் காயவைக்க எவ்வளவு சூடு வேண்டும், ஆவி எப்படித் திரும்பத் துளியாகிறது, அந்தக் குளிரில் யார் கூலிக்கு நின்றார்கள் என்பதைப் படிக்கிறது. வடிக்கும் பாத்திரத்துக்கு ஐரோப்பியர் சொல்லும் அலெம்பிக் என்ற பெயரே நம்முடைய அல்-அன்பீக் என்ற அறபுச் சொல்லிலிருந்து போனது. கல்யாண வீட்டில் நாம் தெளிக்கிற பன்னீரும் இதே முறையில் வடிப்பதுதான். இதைச் சொன்னபோது வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, இப்போது நாங்கள் கேட்கிறோம். ஒரு படத்துக்கு இவ்வளவு கோபப்பட்ட நீங்கள், நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் ரிவர்ஸ்டன் பாதையில் போயிருக்கிறீர்களா? கோபுரத்துக்குப் போகும் வழியிலும் பிட்டவல பத்தனைப் புல்வெளியிலும் வெறும் போத்தல்கள் கிடக்கின்றன. உடைந்த கண்ணாடியும் கிடக்கிறது. அதைப் போட்டவர்களில் நம்ம ஊர்ப் பையன்கள் ஒருவர்கூட இல்லை என்று பள்ளிவாசல் படியில் நின்று சொல்ல எத்தனை பேர் தயார்? அதற்கு ஒரு குரல் பதிவும் வரவில்லை. உண்மையான போத்தலுக்கு வராத கோபம் ஓடாத ஒரு ஆலையின் படத்துக்கு வருகிறது.

டலஸ் டூவைக் காட்டியதற்குக் காரணமே ரிவர்ஸ்டன்தான். இந்த மலைக்கு வருகிறவர்கள் குட்டி உலக முடிவில் செல்ஃபி எடுத்து, சேர எல்லயில் குளித்துவிட்டுப் போகிறார்கள். இதே தும்பர மலைத்தொடரின் காட்டுக்குள் ஏலக்காய் வாடிகள் பாழடைந்து கிடப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய மரங்களின் நிழலை விட்டுவிட்டு, கீழேயிருந்த செடிகொடியைச் சுத்தம்செய்து ஏலம் நட்டார்கள். பறித்த காயை மலையை விட்டு இறக்குமுன் அங்கேயே உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்குத்தான் வாடி. கீழே விறகு எரியும், மேலே தட்டுகளில் காய் பரவியிருக்கும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் காய் புழுங்கிவிடும். இரவு முழுக்க ஆள் முழித்திருந்து பார்க்க வேண்டிய வேலை. அப்படிப் பார்த்தாலும் ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். நம்ம புரியாணியில் கிடக்கும் அந்த ஒரு காய்க்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அந்த விறகும் காட்டு மரம்தான் என்பதை மறைக்கவில்லை. கீழ்ச்செடிகள் வெட்டப்பட்டதால் புது மரக்கன்றுகள் எழும்பவில்லை. காடு பாழாகிறது என்றுதான் ஏலச் செய்கையை நிறுத்தினார்கள். 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். 2010இல் யுனெஸ்கோ, ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து இதையும் உலக மரபுரிமையில் எடுத்தது. அது சரியான முடிவு, மறுபடியும் ஏலம் நட யாரும் கேட்கவில்லை. ஆனால் "காட்டை அழித்த இடத்தை ஏன் நினைவுவைக்க வேண்டும்" என்று ஒரு நானா கேட்டிருந்தார். அழித்ததாலும்தான் நினைவுவைக்க வேண்டும், நானா. விஸ்கி ஆலையைப் பார்க்கப்போகிறவன் எல்லாம் விஸ்கிக்கு வக்காலத்து வாங்குகிறவன் இல்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதனக் கட்டடத்துக்கு வைத்த எல்லைத் தேதி 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் நடந்த நாள். அதற்குப் பிந்திய கட்டடம் என்றால், தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. இப்போது யோசியுங்கள். மாத்தளைக்குக் கோப்பி வந்தது அதற்குப் பிறகு. மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக ஆட்கள் நடந்துவந்து வழியில் செத்துவிழுந்தது அதற்குப் பிறகு. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்ததும், 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்ததும், தேயிலையும் எல்லாம் பிறகு. அரசனின் கல்லுக்குத் தானாகக் கிடைக்கும் காவல், கூலிக்காரன் நின்ற சுவருக்குக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

இந்த நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001இலிருந்து அருங்காட்சியகம். அங்கே பாடசாலைச் சுற்றுலா போகிறோம், படம் எடுக்கிறோம், வருகிறோம். இரத்தோட்டைப் பக்கம் திரும்பினால் மட்டும் "பழைய செவர்ல என்ன இருக்கு" என்கிறோம். ஏலமும் மிளகும் வாங்கி விற்ற கடைகளில் நம்மவர்களுடையவை எத்தனை! மலையில் எரிந்த விறகுக்கும் நம் மூத்தவாப்பாமாரின் தராசுக்கும் நடுவில் ஒரே ஒரு மூட்டைதான் தூரம்.

பெரிய மியூசியம் எதுவும் கேட்கவில்லை. வனத் திணைக்களத்திடம் அனுமதி கேட்டு, மிஞ்சியிருக்கும் வாடிகளை அளந்து, படம் எடுத்து, வரைபடத்தில் குறிக்க வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வேண்டும். கூரைத் தகரம் போய்ச் சுவரும் சரிந்துவிட்டால் அளப்பதற்கும் எதுவும் இருக்காது. இந்தக் கடிதத்தைப் பிரதேச சபைக்கும் திணைக்களத்துக்கும் எழுதுகிறோம். பள்ளிவாசல் நிருவாகமும் கோயில், விகாரைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் கடிதத்துக்கு ஒரு கனம் வரும்.

அதுவரைக்கும் ஒரு வேலை. வாடியில் இராவிருந்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், கொள்வனவுக் கடை வைத்திருந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகளை அனுப்புகிறோம், உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். பழைய நிறைக் கொப்பி, சிட்டை, புகைப்படம் இருந்தால் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம்.