இயந்திர விளக்கம்: ஸ்பிரிங்கின் துள்ளலும் எண்ணெயின் கட்டுப்பாடும்

இம்மாதம் நமக்கு வந்த வினாக்களுள் ஒன்று, இளைஞர் உள்ள இல்லங்கள் பலவற்றுக்கும் பயன்படக்கூடியது. பழைய காரின் ஸ்பிரிங்குகளில் ஓரிரு சுற்றுகளை அறுத்துவிட்டால் வண்டி தாழ்ந்து ஸ்போர்ட்ஸ் கார் போலத் தோன்றுமாம். ஓட்டமும் அவ்வாறே அமையுமா என்று கேட்கிறார் ஓர் அன்பர். தோற்றம் அமையும், ஓட்டம் அமையாது. காரணத்தை உணர வேண்டுமாயின், ஷாக் அப்சார்பர் என்னும் கருவியின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

பெயரைக் கண்டு மயங்கலாகாது. அதிர்ச்சியை முதலில் ஏற்பது ஸ்பிரிங்கே. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் சுருங்கி, அந்த ஆற்றலைத் தன்னுள் சேமித்துக்கொள்கிறது. சேமித்ததை வைத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு இல்லை. உடனே திருப்பித் தந்துவிடும். தடுப்பது ஒன்று இல்லையேல் வண்டி ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே செல்லும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதே ஷாக் அப்சார்பரின் வேலை. பொறியாளர் இதனை ‘டாம்பர்’, அதாவது தணிப்பான், என்பர். அதுவே பொருத்தமான பெயர்.

தணிப்பானின் உள்ளே எண்ணெய் நிரம்பிய உருளையும், அதில் நகரும் பிஸ்டனும் உள்ளன. பிஸ்டனில் சிறு துளைகள் உண்டு. அவற்றை மெல்லிய எஃகுத் தகடுகள் மூடியிருக்கும். பிஸ்டன் நகர வேண்டுமாயின் எண்ணெய் அவ்வழியே நுழைந்து செல்லவேண்டும். ஹோலிப் பண்டிகையில் சிறுவர் ஏந்தும் பீச்சாங்குழலை நினைவுகொள்க. மெல்லத் தள்ளினால் நீர் எளிதில் வெளிப்படும். விரைந்து தள்ளினால் கை வலிக்கும். ஸ்பிரிங்கின் விசை அது எவ்வளவு தூரம் சுருங்கியது என்பதைப் பொறுத்தது. தணிப்பானின் விசையோ எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆதலின் நிற்கும் வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஆடும் வண்டியை அடக்குவது எண்ணெய்.

எவ்வளவு அடக்கவேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஆட்டமே இன்றி வண்டி தன் நிலைக்குத் திரும்பும் அளவை 1 எனக் கொள்வர். சொகுசை நாடும் குடும்பக் கார்களில் இவ்வளவு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 வரை, ஸ்போர்ட்ஸ் கார்களில் அதனினும் மிகுதி, பந்தயக் கார்களுக்கு 0.7 என்பதை ஒரு தொடக்க அளவாகக் கூறுவர். வண்டியை 10 செ.மீ. அழுத்திவிட்டதாகக் கொள்வோம். அளவு 0.2 ஆயின், அது தன் நிலையைக் கடந்து மறுபுறம் 5 செ.மீ.க்குச் சற்று மேலாகத் துள்ளும். 0.7 ஆயின், துள்ளல் அரை செ.மீ.கூட இராது.

அங்ஙனமாயின் தணிப்பை மேன்மேலும் கூட்டிக்கொண்டே போகலாமே எனில், அது தவறு. டயர் சாலையை விடாது பற்றியிருக்க வேண்டும் என்பதே ஸ்போர்ட்ஸ் காரின் உயிர்நிலை. அதன்மேல் விழும் பாரம் கூடியும் குறைந்தும் அலையுமாயின், வளைவிலும் பிரேக்கிலும் பிடிப்பு குறையும். தணிப்பு மிகையானால், மேட்டில் ஏறிய சக்கரம் அடுத்த மேடு வருமுன் கீழிறங்க இயலாது. வண்டி மேட்டுக்கு மேடு தாழ்ந்துகொண்டே போய்ச் சக்கரம் இயங்க இடமின்றிப் போகும். தணிப்பு குறைந்தால் சக்கரம் பந்துபோல் குதிக்கும். இரண்டிலும் பிடிப்பு போகிறது.

இக்காரணத்தால் சுருங்கும் திசைக்கு ஒரு தணிப்பும், விரியும் திசைக்கு வேறொரு தணிப்பும் அமைப்பர். பெரும்பாலும் விரியும்போதே தடை மிகுதி. மேலும், வளைவில் உடல் சாய்கையில் பிஸ்டன் மெல்ல நகரும். குழியில் விழுகையில் மிக விரைந்து நகரும். மெல்லிய நகர்வுக்கு உறுதியான தடையும், திடீர் அடிக்குத் தகடுகள் வளைந்து வழிவிடும் இளக்கமும் தருவதே கைவந்த கலை. பிரிட்டனின் கொலின் சாப்மன் 1962-ல் வெளியிட்ட லோட்டஸ் எலான் காரில் ஸ்பிரிங்குகள் மென்மையானவையே; ஆயினும் வளைவுகளில் அதன் திறமை இன்றும் போற்றப்படுகிறது. விறைப்பே வேகம் என்பது பொய் என்பதற்கு இது சான்று.

வெப்பமுற்ற எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தால் தடை குன்றிவிடும். இதனைத் தவிர்க்க, பிரான்சின் த கார்போன் என்பார் எண்ணெயை நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் வைக்கும் ஒற்றைக்குழல் முறையை வகுத்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-ல் அதனை மெர்சிடிஸ் கார்களுக்கெனத் தயாரித்தது. பின்னர், இரும்புத் துகள் கலந்த எண்ணெயை மின்காந்தத்தால் நொடிப்பொழுதில் இறுகச்செய்யும் முறை 2002-ல் காடிலாக் காரிலும், 2006-ல் ஃபெராரி 599 காரிலும் இடம்பெற்றது.

நாம் பணிபுரியும் இரயில்வேயிலும் இதே தத்துவமே ஆட்சி செய்கிறது. எல்.எச்.பி. பெட்டிகளில் மேலும்கீழுமான ஆட்டத்துக்கும், பக்கவாட்டு ஆட்டத்துக்கும், சக்கரத்தொகுதி பாம்புபோல் நெளிவதற்கும் தனித்தனி எண்ணெய்த் தணிப்பான்கள் உள்ளன. ஊர் செல்லும் வழியில் நம் குழந்தைகள் மேல்தட்டில் அயர்ந்து உறங்குவதில் இவற்றுக்கும் பங்குண்டு.

இனி, ஸ்பிரிங்கை அறுத்தல். சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். தணிப்பானோ பழையதே, விறைத்த ஸ்பிரிங்கை அடக்க அதற்கு வலிமை போதாது. வண்டி தாழ்ந்தமையால் பிஸ்டன் இயங்கும் இடமும் சுருங்கும். சிறு குழியிலும் ‘தட்’டென்று முட்டும். அறுத்த முனை இருக்கையில் சரியாக அமராது நழுவுவதும் உண்டு. மழை நாளில், வளைவில், திடீரெனப் பிரேக் அழுத்தும்போதே இக்குறை வெளிப்படும். அப்போது வண்டிக்குள் இருப்பவர் நம் பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள். தாழ்த்தியே ஆகவேண்டுமெனில், ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த ஸ்பிரிங்கையும் தணிப்பானையும் சேர்த்தே மாற்றுக. அவ்வளவு செலவு இயலாதெனில், வண்டியை இருந்தபடியே விடுக.

சாதாரணக் கார் வைத்திருப்போர் செய்யத்தக்க சோதனை எளிது. நிற்கும் வண்டியின் ஒரு மூலையை ஓங்கி அழுத்தி விடுக. எழுந்து அமைந்தால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் தணிப்பான் தேய்ந்தது எனக் கொள்க. உருளையின்மேல் எண்ணெய்க் கசிவு உண்டா, டயர் ஆங்காங்கே குழிந்து தேய்ந்துள்ளதா என்றும் பார்க்க. மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாது, ஒரே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுதல் வேண்டும்.